தெருவுக்குப் போன சோபா

மெல்பர்ன் பக்கத்து வெரிபீயில் குடியேறிய சனிக்கிழமை, கராஜ் வாசலில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் தொப்பி போட்ட இலங்கைத் தமிழர் ஒருவர் நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கதிரை என்ன விலை?"

"இது பழைய சாமான் விக்கிற கராஜ் சேல் இல்ல அங்கிள். இப்பதான் குடி வர்றேன்."

"ஓம், விலை கேட்டா எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. அவரைப் பார்த்து, விற்பனைதான் என்று தெருவே திரண்டது. "இவ எதிர்வீட்டு நர்ஸ்" என்று அறிமுகம் செய்து, என் சோபாவை அந்தம்மாவுக்கே விற்றார்; மற்ற சாமான்களையும் அப்படியே ஆளுக்கொன்றாக விற்றார். மதியத்துக்குள் தெருவில் எல்லோரையும் எனக்குத் தெரியும், வீட்டில்தான் ஒன்றுமில்லை. கடைசியில் "போட்டு வாறன்" என்று விடைபெற்று நாற்காலியோடு நடந்தார்.

இப்போதும் நர்ஸ் வீட்டுக்குப் போனால் என் சோபாவில்தான் உட்கார்கிறேன். அந்த மனிதரின் வீடு எதுவென்று மட்டும் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.