ஆலஞ்சிறை மாமி

வலது காலை முதலில் இறக்கி, இடது காலைக் கெஞ்சிக் கூப்பிட்டு, பக்கவாட்டில் நண்டு போலப் படி இறங்குகிறாள் சூடாமணி மாமி. தோளில் காய்கறிப் பை. உள்ளே காய்கறி கிடையாது. மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்கள் நாலு, ஒரு தெர்மாமீட்டர், சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, அதன் நுனியில் கறுப்பும் வெள்ளையும் பூசிய எவர்சில்வர் தட்டு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆலஞ்சிறை ஏரியின் கடவில், அந்தப் படித்துறையில், வந்து நின்றால் யாரும் பார்க்கலாம்.

தட்டைத் தண்ணீரில் இறக்குவாள். எத்தனையாவது முடிச்சில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைக்குத் தண்ணீரின் தெளிவு. பிறகு ஒரு குமிழிகூட இல்லாமல் பாட்டிலை நிரப்பி, இரண்டு மருந்துகளைச் சொட்டிக் குலுக்குவாள். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாகத் திரளும். இல்லாவிட்டால் வெள்ளை. "டிகாஷன் மாதிரி வந்தா மீனுக்கு மூச்சிருக்கு. மோர் மாதிரி வெளுத்தா போச்சு, கேட்டேளா!"

மகளிர் கல்லூரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் லேப் உதவியாளர். ஓய்வு பெற்றதும் பஜனைக்கு வருவாள் என்று கிழக்கேகோட்டைத் தெருவே காத்திருந்தது. "பஜனைக்கு நம்ம தெருவிலே ஆள் இருக்கா. இந்த வெள்ளத்துக்கு ஆரிருக்கா?" என்று ஏரித் தண்ணீருக்காக ஆட்டோ ஏறிவிட்டாள். நத்தையைக் கண்டால் கும்பிடாத குறை. தும்பிகளை எண்ணி எழுதுவாள். ஒரு தடவை காலை நடைக்கு வரும் என் சட்டைக் காலரில் தும்பி உட்கார்ந்துவிட, அது என்ன வகை என்று மாமி கண்டுபிடிக்கும்வரை நான் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் நின்றேன்.

அளந்ததையெல்லாம் கடவில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவாள். அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளை நீந்த விடுகிறார்கள். மாமியிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்றே ஒன்று: சந்தேகப்பட்டால் அதையும் சாக்பீஸால் எழுதிவிடுவாள்.

சென்ற மாதம் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து பாட்டில் வெளுத்தது. மாமி சுற்றுமுற்றும் பார்த்தாள். கரையில் சுனிலின் டீக்கடை. பலகையில் ஏறியது: 'காரணம்: டீக்கடைக் கழிவு.'

"மாமி, நான் ஒண்ணும் செய்தில்லா கேட்டோ! பாத்திரம் கழுகின வெள்ளம் அங்கே தென்னைக்குத்தானே போகுது!" என்றான் சுனில், பாதி மலையாளத்தில்.

"பாட்டில் பொய் சொல்லுமோடா?"

பாட்டில் பொய் சொல்லவில்லைதான். ஆனால் பாட்டில் சுனிலின் பெயரையும் சொல்லவில்லை. அது மாமிக்குத் தோன்றுவதற்குள் பலகையைப் பார்த்து வார்டு ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. பத்து நாளில் கடையை எடுக்க வேண்டும். பதினாலு வருஷக் கடை. சுனில் சண்டை போடவில்லை. மாமியின் வீட்டு வாசலில் போய் நின்று ஒன்றே ஒன்று கேட்டான்: "மாமி ஒரு நாள் காலத்தெ ஆறு மணிக்கு கடவுக்கு வரணும். சனியாழ்ச்ச வரைக்கும் காக்க வேண்டா. எந்த நாளானாலும் மதி, வந்தா போதும்."

வியாழக்கிழமை மாமி வந்தாள். நடைக்கு வந்த நாங்களெல்லாம் இருந்தோம். கடைசிப் படியில் அவள் கணவர் நாகேஸ்வரன், கையில் டிபன் பாக்ஸ். தினமும் நடப்பதற்காக வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். தயிர்சாதத்தை உருட்டி உருட்டி மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பன்னிரண்டு பேர், பன்னிரண்டு டிபன் பாக்ஸ். மீன் தின்றது போக மிச்சமெல்லாம் அடியில் கிடந்து அழுகி, தண்ணீரின் மூச்சைத் தின்றுகொண்டிருந்தது.

"என்னன்னா இது?"

"ஜோஸ்யர் சொன்னார்டி. நாப்பத்தெட்டு நாள் மீனுக்கு அன்னம் போட்டா உன் முட்டுவலி போயிடுமாம். இன்னும் எட்டு நாள்தான் பாக்கி."

மாமி கத்துவாள் என்று நினைத்தோம். கத்தவில்லை. நீர் விளிம்பில் பிசுபிசுத்துக் கிடந்த சோற்றைப் பார்த்தாள். எனக்கே பாவமாக இருந்தது. "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுனிலிடம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏண்டா வாயைத் திறக்கலே?"

"மாமா டெய்லி என்கிட்டே சாய குடிக்கற ஆளில்லையா மாமி. எப்படிச் சொல்றது?"

மாமி முந்தானையாலேயே பலகையைத் துடைத்தாள். புதிதாக எழுதினாள்: 'காரணம்: தயிர்சாதம். டீக்கடை இல்லை.' டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

சனிக்கிழமை ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸ்மிதா, கடையை எடுத்தாயிற்றா என்று பார்க்க வந்தார். சுனில் அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றான். ஸ்மிதா பலகையை இரண்டு தடவை படித்தார்.

"கொள்ளாம், நல்ல காரணம். எந்த வீட்டிலெ தயிர்சாதம்?"

பன்னிரண்டு பேரும் வானத்தில் எதையோ தேடினார்கள். சூடாமணி மாமி வலது கையைத் தூக்கினாள்.

"எங்காத்து சாதம். தீர விசாரிக்காம இவன் மேலே எழுதினதும் நான்தான். இவன் கடையிலே ஒரு குத்தமும் கிடையாது. எழுதிக்கோங்கோ."

ஸ்மிதா கையிலிருந்த நோட்டீஸை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுனில் தீப்பெட்டியைத் தேடினான். ஸ்மிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமி தனியாவா செய்தது இதெல்லாம்?" என்று கேட்டார்.

மாமிக்குப் பின்னால் நாகேஸ்வரன் குடையை விரித்து அதற்குள் மெல்ல ஒளிந்துகொண்டிருந்தார். மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கையை இறக்காமலே, இடது கையைப் பின்னால் நீட்டி, துழாவி, அவர் மணிக்கட்டைப் பிடித்து, அதையும் மேலே தூக்கினாள்.