டிக்கியில் ஒரு டீசல் கேன்

டீசல் வாசனை. பாகூர் ஏரிக்கரையில் ஏதாவது ஒரு டிராக்டர் புகையைக் கக்கிக்கொண்டு போனால் போதும், என் மகளுடைய பட்டச் சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்துவிடும். மற்றவர்களுக்கு மல்லிகையிலும் மண் வாசனையிலும் நினைவுகள் கிளம்புமாம். எனக்கு இதுதான் வாய்த்தது.

அவளுக்குப் புனேயில் வேதியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த வருடம் அது. சேரும் நாளன்று அசல் சான்றிதழ்களைக் கையில் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு பெட்டி, ஒரு முதுகுப் பை, ரயிலில் போய்விடுகிறேன் என்றாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் ரயிலில் தனியாக நிம்மதியாகப் போவதைவிட மூன்று பேர் காரில் சேர்ந்து அவதிப்படுவதுதான் கௌரவம். அவள் அப்பாவுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட், லீவு இல்லை. அதனால் என் அண்ணன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றார். கரும்பு வைத்திருக்கிறவர். பூமியின் எல்லா தூரங்களையும் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் தூரத்தைக் கொண்டே அளப்பவர்.

நெடும்பயணத்துக்கு இன்றியமையாதவை என்று மகள் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். முதலுதவிப் பெட்டி, டார்ச், சார்ஜர், குடிதண்ணீர், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பு.

"இன்னாடி இது? சந்திரனுக்கா போறோம்?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவர் ஏற்றிய முதல் சாமான் ஒரு சிப்பம் பொன்னி அரிசி.

"ஹாஸ்டல்ல சமைக்க வுடமாட்டாங்க மாமா."

"வார்டன் கையில குடு. ஆக்கிப் போடுவாங்க. சப்பாத்தி துன்னு எளச்சிப் போவியா?"

அண்ணி தன் பங்குக்கு ஒரு பக்கெட், ஒரு மக், குக்கர், ஆறு தேங்காய், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு என்று கொண்டுவந்து அடுக்கினார்.

"புனேல பக்கெட் விக்க மாட்டாங்களா அத்தை?"

"விப்பாங்க. நம்ம வூட்டு பக்கெட் மாதிரி வருமா?"

வராதுதான். கைப்பிடி உடைந்த பக்கெட்டை அங்கே எவன் விற்பான்?

இதெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் டீசல் விலை ஏறிவிடும் என்பது எங்கள் யூனியன் பிரதேசத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் தாய்ப்பாலோடு புகட்டப்படும் ஞானம். வெளியூர் கிளம்புகிறவன் சாமி கும்பிட மறந்தாலும் மறப்பான், நம்ம பக்கத்து பங்க்கில் டேங்க்கை வாய்வரை ரொப்ப மறக்க மாட்டான். ரொப்பியபின் இறங்கி, வண்டியை இடுப்பால் முட்டி ஆட்டி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றி, இன்னும் ஒரு சொம்பு ஊற்றச் சொல்வான். அண்ணனும் ஆட்டினார். அதோடு விட்டாரா? டிராக்டருக்கு வாங்கி வைக்கும் இருபது லிட்டர் கேனையும் நிரப்பி டிக்கியில் வைத்தார்.

அந்தக் கேனின் மூடிக்குள் இருக்கவேண்டிய வாஷர் எந்தக் காலத்திலோ தொலைந்திருந்தது. பால் கவரை நாலாக மடித்து வாயில் வைத்து மூடியைத் திருகினார். எங்கள் பக்கத்தில் டீசல் கேனுக்கெல்லாம் இதுதான் வைத்தியம். வரப்பில் ஆடாமல் நிற்கிற கேனுக்கு அது போதும். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் குலுங்கப்போகும் கேனுக்கும் அதுவே போதும் என்று நம்புவதற்கு என் அண்ணனாகப் பிறந்திருக்க வேண்டும்.

சிரித்துக்கொண்டிருந்த நான் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மகள் சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"குடு, உள்ள வெக்கிறேன்."

"வோணாம்மா. மடியிலயே வெச்சினு வரேன்."

"எங்கனா டீ குடிக்க எறங்கறப்ப வுட்டுட்டு வந்துடுவ. அடியில வெச்சா பத்திரம்."

பிடுங்காத குறையாக வாங்கி, அரிசி மூட்டைக்கும் கேனுக்கும் நடுவில் இடுக்கில் செருகினேன். பிறகு என் மடியில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் கவிதை வரிகள் வருமாம், உடனே பிடிக்க வேண்டுமாம். ஒரு பெண்ணின் எதிர்காலம் அடியில், இன்னும் பிறக்காத என் வரிகள் மடியில். இதற்குமேல் அண்ணனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

விடியலில் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர். அதற்குமேல் அந்தச் சாலை கோணல் தையல்போல இரண்டு மாநிலங்களுக்குள்ளும் மாறி மாறி நுழைந்து வெளியேறும். "இது நம்மது. இது அவங்களது. இது மறுபடி நம்மது," என்று அண்ணன் சொந்த நிலத்துக்கு எல்லைக்கல் காட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி நம்மதும் முடிந்தபின் எதிர்ப்பட்ட ஒவ்வொரு பங்க்கின் விலைப்பலகையையும் உரக்கப் படித்து, டிக்கிப் பக்கம் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு.

விழுப்புரம் தாண்டியதும் வாசனை வந்தது.

"மாமா, டீசல் நாத்தம் அடிக்குது."

"முன்னாடி லாரி போவுது பாரு."

லாரியை முந்தினார். வாசனை போகவில்லை.

"பின்னாடி ஒண்ணு வருது பாரு."

பின்னால் வந்தது ஒரு மாட்டுவண்டி. திருவண்ணாமலையின் வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் ஏதோ களக் களக் என்றது. செங்கம் தாண்டிச் சாலையில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை.

"அது காத்துலயே மெதக்கும் பாப்பா. நீதான கெமிஸ்ட்ரி படிச்சவ, உனக்குத் தெரியாதா?"

"லாரி நம்ம வண்டிக்குள்ளதான் இருக்குது மாமா. நிறுத்து."

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். டிக்கியைத் திறந்ததும் கண் எரிந்தது. பால் கவர் மூடிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அரிசி வயிறு முட்டக் குடித்திருந்தது. பக்கெட் காலியாக, உலர்ந்து, ராணிபோல் மேலே வீற்றிருந்தது. மகள் எதையும் பார்க்காமல் கையை இடுக்கில் விட்டு ஃபைலை உருவினாள். ஓரத்திலிருந்து சொட்டியது.

மதிப்பெண் தாள்கள் தனிக் கவரில் இருந்ததால் விளிம்போடு தப்பின. பட்டச் சான்றிதழ் தப்பவில்லை. எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள்போலக் கண்ணாடியாகியிருந்தது. அவள் அதைத் தூக்கிப் பிடித்தபோது பின்னால் அவள் விரல்கள் ஐந்தும் தெரிந்தன. நீல முத்திரை கரைந்து அவள் பெயரின்மேல் படர்ந்திருந்தது.

"வெயில்ல காட்டுனா ஆவியாப் பூடும்," என்றார் அண்ணன்.

"அது பெட்ரோல் மாமா. இது போவாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கைப்பையைத் திறக்கச் சொல்லி முகப்பவுடர் டப்பாவை எடுத்தாள். தாள்மேல் முழுவதையும் கொட்டி, இன்னொரு தாளால் ஒற்றினாள். பவுடர் எண்ணெயை இழுக்கும் என்றாள். கொஞ்சம் இழுத்தது. ஒரு வண்டி நிறைய ஏற்றிவந்த இன்றியமையாதவற்றில் உதவியது அது ஒன்றுதான். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

அண்ணன் புளிச்சோற்றைப் பிரித்தார். இலையில் கட்டியது, தப்பிவிட்டதாம். மரத்தடியில் நின்றபடியே நாலு உருண்டை உள்ளே போனது. அதன்பின் கேனில் மிஞ்சியதை டேங்க்கில் ஊற்றினார். அது பாதியைத்தான் வாங்கிக்கொண்டது. கொட்டிவிடலாம் என்றேன்.

"நம்ம ஊரு டீசலு. கொட்டறதா?"

அதனால் டேங்க் மிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும்வரை, அதாவது ஓசூர் வரை, அந்தக் கேன் சாயாமல் இருக்க முன்சீட்டில் என் இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு போனேன். வரி எதுவும் வரவில்லை. வந்தால்தான் அதிசயம்.

புனேயில் சரிபார்க்கிற குமாஸ்தா சான்றிதழை இரண்டு விரலால் தூக்கினார். முகர்ந்தார். எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார், பெண்ணைத் தவிர மற்ற இருவரையும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். மதிப்பெண் தாள்கள் செல்லும், பட்டச் சான்றிதழ் செல்லாது, கெட்டுப்போனதைப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்திலேயே ஒப்படைத்துவிட்டு மாற்று வாங்கி ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் இடம் நிற்கும், இல்லையென்றால் ரத்து. அந்த ஒரு மாதமும் ஒவ்வொரு ஜன்னலாக நின்று, கெடு முடிவதற்குள் வாங்கி அனுப்பினேன். ஒவ்வொரு ஜன்னலிலும் முதலில் முகர்ந்துதான் பார்த்தார்கள்.

சேர்ந்த அன்று ஹாஸ்டல் வாசலில் காவலாளி ஒரு பெட்டிக்கும் ஒரு பைக்கும்தான் வழிவிட்டார். ரயிலில் எடுத்துப் போவதாக அவள் சொன்ன அதே பெட்டி, அதே பை. பக்கெட், குக்கர், தேங்காய் எல்லாம் அண்ணனின் காலடியில் கிடந்தன. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதனா வோணும்னா போன் பண்ணு பாப்பா, மாமா எடுத்துனு வரேன்," என்றார்.

"ஒண்ணும் வோணாம் மாமா. நீ டேங்க் ரொப்பினு பத்திரமா போ."

பிறகு என்னிடம் திரும்பினாள். முதுகுப் பையிலிருந்து அந்த ஃபைலை எடுத்து நீட்டினாள். வாங்கி, பழக்கதோஷத்தில் டிக்கிப் பக்கம் ஓர் அடி வைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மடியில வெச்சினு போம்மா."