மூன்றில் ஒன்றைத் தொடவும்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு நாள்கூட வகுப்பெடுத்தவள் இல்லை. பரீட்சை கைடுகளில் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' பகுதியைக் காலம் காலமாக எழுதி வந்தவள், அவ்வளவுதான். பதிப்பகம் படுத்துவிட்ட பிறகு அவளுக்கு வேலை கொடுத்தது ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனி. வயது வந்தவர்களுக்கு மட்டுமான விளையாட்டு.

விளையாட்டு என்றால் ஓடுவதும் சுடுவதும் இல்லை. ஆடுகிறவளின் போனுக்கு ஒரு கப்பல் கேப்டனிடமிருந்து மெசேஜ் வரும். 'தூங்கிட்டியா?' என்பான். கீழே மூன்று பதில்கள் இருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். தொட்டால் கேப்டன் இன்னும் கொஞ்சம் நெருங்குவான். அவன் சட்டையின் மூன்றாவது பட்டன் வரை இலவசம், நாலாவது பட்டனுக்குக் கட்டணம். அதற்குப் பிறகு நடப்பதையும் டீச்சர்தான் எழுதினாள், காய்கறி நறுக்குகிற முகத்தோடு.

"இதெல்லாம் எழுத உங்களுக்குக் கூச்சமா இருக்காதா மேடம்?" என்று நேர்முகத் தேர்வில் மேலாளர் கேட்டான். அவனுக்கு அவள் மகன் வயது.

"இனப்பெருக்கப் பாடத்துக்கு வருஷா வருஷம் கேள்வி எழுதினவ தம்பி நான். இதுல புதுசா ஒண்ணும் இல்ல."

தொழில் ரகசியம் ஒன்று உண்டு. மூன்று பதில்களில் ஒன்று வெட்கப்படும், ஒன்று குறும்பு செய்யும், ஒன்று கோபித்துக்கொள்ளும். எதைத் தொட்டாலும் கேப்டன் வந்து கதவைத் தட்டுவான். 'போதும், போனை வைக்கிறேன்' என்று ஒரு பதிலை மறந்தும் வைக்கக் கூடாது. வைத்தால் ஆட்கள் நிஜமாகவே வைத்துவிடுவார்கள் என்றான் மேலாளர். அவன் சொன்னதில் தப்பில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? ஊருக்கெல்லாம் காதல் வசனம் எழுதுகிறவளுக்குச் சொந்தப் புருஷனிடமிருந்து வந்தவை 'ம்', 'சாப்பிட்டேன்', 'கேஸ் வந்துச்சா' என்ற மூன்றுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேறொரு நகரத்தில் பெரிய கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் மாட்டப் போனார். மாட்டி முடித்து, ஜனங்கள் அதில் ஏறி இறங்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. கேட்டால் சில்லறை வேலை பாக்கி என்பார்.

அவர்கள் இருவரும் குடியிருந்தது அவள் அண்ணன் வீட்டு மாடியில். படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அண்ணன், "மாப்பிள்ளை எப்ப வர்றாராம்?" என்பார். அடுத்த மாசம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. அவருக்கு இன்னொருத்தி இருந்தால்கூட இவள் சண்டை போட்டிருப்பாள். மனுஷனுக்குத் தனியாக இருந்து பழகிப்போய்விட்டதோ, இனி வரவே மாட்டாரோ என்பதுதான் அவள் பயம். அதை வைத்து யாரோடு சண்டை போடுவது?

ஒரு நாள் மத்தியானம், கேப்டனுக்கு எழுதிக்கொண்டே புருஷனுக்கும் மெசேஜ் தட்டினாள். கைப்பழக்கம் சும்மா இருக்குமா?

'என்ன சாப்பிட்டீங்க? 1. கடையில சாப்பிட்டேன். 2. நானே சமைச்சேன், வாயில வைக்க முடியல. 3. நீ இல்லாம சோறு இறங்கல.'

அனுப்பிய பிறகுதான் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதில் உடனே வந்தது: '2'. கொஞ்சம் பொறுத்து, கேட்காமலே இன்னொன்று: 'உப்பு அதிகம்.'

அன்றிலிருந்து தினமும் இதுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனுஷன் நம்பரில் வெளுத்து வாங்கினார். ஒரு தடவை அவளுக்குத் துணிச்சல் வந்து, கேப்டன் பாணியிலேயே கேட்டாள்.

'இப்ப நான் பக்கத்துல இருந்தா? 1. கையைப் பிடிப்பேன். 2. கட்டிப்பிடிப்பேன். 3. லைட்டை அணைப்பேன்.'

'3. அதுக்கு முன்னாடி 2' என்று வந்தது. டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கேப்டன் அன்றைக்கு நாலாவது பட்டனைத் தாண்டவே இல்லை, எழுத ஓடவில்லை.

அந்தத் தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட்டுவிட்டு, முழுத் திறமையையும் காட்டி எழுதினாள்.

'எப்ப வர்றீங்க? 1. இந்த மாசக் கடைசியில. 2. லீவு கிடைச்சதும். 3. நீ கூப்பிட்டா நாளைக்கே.'

துணி காய்ந்தது. மடித்தும் வைத்தாயிற்று. பிறகு வந்தது பதில்.

'இதுல வரலைன்னு ஒண்ணு இல்லையே.'

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காசு கொடுத்து ஆடுகிற ஜனங்கள் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை, இவர் கேட்கிறார்! கோபத்தில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். கழுவும்போது வெட்கமாகவும் இருந்தது. கட்டின புருஷனையே உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, எந்த ஜன்னல் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஈரக்கையோடு தட்டி அனுப்பினாள்.

'4. வரலை.'

நம்பர் வரவில்லை. போன் அடித்தது.

"நாலுதான்," என்றார் அவர்.

அவள் குழாயை மூடினாள்.

"உன் மேல கோபம் ஒண்ணும் இல்ல. அங்க உங்க அண்ணன் தூக்கம் கெடக்கூடாதுன்னு அத்தனை வருஷமும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் மாடி ஏறினேன். உனக்குத் தெரியாது, நீ தூங்கியிருப்ப. இங்க ஒரே ரூம்தான். ஆனா சத்தமா இருமுறேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் எழுதிய அத்தனை கதைகளிலும் கேப்டன்தான் வருவான், பெண் வீட்டிலேயே காத்திருப்பாள். பெண் கிளம்பிப் போவதாக ஒரு பதிலை அவள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

"அப்ப நான் வரட்டுமா?"

இதற்கு மூன்று பதில் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவர் சத்தமாக இருமினார்.

"நான் இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் கிடையாது," என்றார் மெக்கானிக். "நாலு மாடி ஏறணும். உனக்கு முழங்கால் வேற வலி."

"செருப்பு போட்டுக்கிட்டே ஏறலாம்ல?" என்று கேட்டாள் அவள்.