இருமலை நம்பிப் போன பரீட்சை

என் பரீட்சைக்காக ஜெபித்த சகோதர சகோதரிகளுக்கு,

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவின் மகள் நான். பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த வருஷமே ஒரு காய்ச்சல் வந்து என் மூக்கை அடியோடு கெடுத்துவிட்டது. எந்த வாசனையும் தெரியாது. கெட்டுப்போன வஞ்சிரத்தை நல்ல மீன் என்று எடுத்துக் கொடுத்தேன். "இன்னாடி, நாத்தம் கூடவா தெர்ல ஒனக்கு?" என்று அம்மா நடுரோட்டில் திட்டினாள். அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. இந்தப் படிப்புக்கு லாயக்கில்லை என்று கல்லூரியில் அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

உப்பு ஆய்வு என்று ஒரு செய்முறைப் பரீட்சை. பெயர் சொல்லாமல் ஒரு பொடியைக் கொடுப்பார்கள், அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். குழாயில் சூடாக்கியதும் எல்லோரும் முதலில் மோந்துதான் பார்ப்பார்கள். நான் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் வருஷக் கடைசியில் மறுபடி எழுத வேண்டும். அதிலும் போனால் பட்டம் கிடையாது.

உபவாசம் இருந்தேன். மூக்கைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே என்று தலையணை நனைய அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய், அதே பரீட்சை எழுதவிருந்த தோழி ரெஜினாவிடம் மட்டும் சொன்னேன்.

"கவலப்படாத மச்சி, பக்கத்துல தான நிப்பேன். அம்மோனியான்னா ஒரு தபா இருமுறேன். வினிகர்னா ரெண்டு தபா" என்றாள்.

திருட்டுத்தனம்தான். ஒத்துக்கொண்டேன்.

பரீட்சையன்று ஆய்வகம் முழுக்க அமிலப் புகை. ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் இருமினார்கள். ரெஜினாவைப் பின் வரிசையில் போட்டுவிட்டார்கள். எது அவள் இருமல் என்று எப்படித் தெரியும்? படித்ததெல்லாம் மறந்துபோனது. செத்துவிடலாம் போலிருந்தது. சூடான குழாயைப் பிடித்தபடியே கண்ணை மூடி, "ஆண்டவரே, உம்மை விட்டுட்டு இருமலை நம்பி வந்துட்டேன். மன்னியும்" என்று வாய்க்குள் அழுதேன்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்துப் பெண் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். என் குழாயின் வாயில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. அந்த அமிலம் அம்மோனியாவோடு சேர்ந்தால் அப்படித்தான் புகையும். படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினேன். நீலமானது. அம்மோனியாவேதான்.

தேர்வாளர் மேடம், "வாசனை எப்படிம்மா இருந்துச்சு?" என்றார். நெடி அடித்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்கு வாசனையே தெரியாது மேடம்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிச்ச?"

புகையையும் லிட்மஸையும் சொன்னேன். "மூக்கு இருக்கறவங்களே பாதிப் பேர் தப்பா எழுதியிருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தேறினேன். அம்மாவிடமும் எல்லாம் சொன்னேன். "இத்தினி நாளா நீ மட்டும் தனியா அழுதுகினு இருந்தியா?" என்று கட்டிக்கொண்டாள்.

மூக்கு இன்றுவரை திரும்பவில்லை. ஆனாலும் அவருக்கே ஸ்தோத்திரம். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை மறைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இதை வாசித்தால், அதை அவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். கேட்டதையே தருவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கைவிட மாட்டார்.