இரண்டு பாயிண்ட் ரத்தம்

யென்மெய் என் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பதினாறு வருடமாக நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, வாசலில் நின்றபடி, எதிரே அவள் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேட்டைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சுவாள். நாலு நிமிடம்தான். கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடுவாள். "நாற்காலில முள்ளா வச்சிருக்கேன்?" என்று கேட்டால், "உக்காந்தா எந்திரிக்கத் தோணாதுண்ணே" என்பாள்.

நாங்கள் இருவரும் சீனாவின் குய்ச்சோ மாகாணத்துக்காரர்கள், அதுவும் ஒரே மாவட்டம். ஆலைகள் நிறைந்த குவாங்டோங் மாகாணத்தில் இந்த லியென்த்தாங் டவுனுக்கு நான் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தெருவில் என்னை 'பன் அண்ணன்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'வாயாடி பன்' என்பார்கள். இரண்டும் சரிதான்.

யென்மெய்க்கு ஐந்து வயதாக இருந்தபோது அவள் அம்மா பொம்மைத் தொழிற்சாலை வேலைக்கு குவாங்டோங் பஸ் ஏறினாள். மூன்று புத்தாண்டு கழித்துத்தான் திரும்பி வந்தாள். யாரோ வருகிறார்களே என்று இவள் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "வாங்க அத்தை" என்று சொன்னாளாம். அம்மா எட்டு நாள் இருந்துவிட்டு மறுபடி பஸ் ஏறிவிட்டாள். அம்மா உடம்பு கெட்டு ஊர் திரும்பிய அதே வருடம், பதினேழு வயதில், இவள் அதே பஸ்ஸில் ஏறினாள்.

கல்யாணம் ஆனது. கணவன் மங், சாரம் கட்டும் ஆள், எப்போதும் வடமேற்கில் எங்கோ ஒரு கட்டடத்தின் மேல் இருப்பான். இருக்கிறானா என்றால் இருக்கிறான், அவ்வளவுதான். மகள் யாச்சின் பிறந்தபோது எல்லோரும் சொன்னதைப் போல அவளைக் கிராமத்தில் விட இவள் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகில் கட்டிக்கொண்டே மறுபடி இங்கே வந்து சேர்ந்தாள். "என் பொண்ணு என்னை அத்தைன்னு கூப்பிடக் கூடாதுண்ணே" என்று அன்றைக்குச் சொன்னாள். பன்னிரண்டு வருடம் அந்த ஒரு வார்த்தைக்காகவே ஓடினாள்.

குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருக்கும் வெளியூர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு இங்கே அரசு நடுநிலைப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் பாயிண்ட் வேண்டும். பெற்றோர் சேர்க்கும் பாயிண்ட். அது போதவில்லை என்றால் பிள்ளை பதிவு எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டத்துக்கே போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியதுதான். தாய் இங்கே, பிள்ளை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். எங்கள் நாடு நிலாவுக்கு வண்டி அனுப்புகிறது, ஆனால் ஒரு சின்னப் பெண் அம்மாவோடு ஒரே ஊரில் படிக்க வேண்டுமானால் பாயிண்ட் கேட்கிறது. எனக்கு வாய் அதிகம், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யென்மெய் எதையும் விடவில்லை. காப்பீட்டை ஒரு மாதம்கூட அறுக்காமல் வைத்திருந்தாள், அதற்குப் பாயிண்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் சான்றிதழ் படித்தாள், அதற்கும் உண்டு. வீட்டில் பல்பு மாற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள் என்பது வேறு விஷயம். சிவப்பு அங்கி போட்டு, சிக்னலில் கொடி பிடித்துத் தொண்டு செய்தாள். அந்த அங்கியோடு இருக்கும்போது என்னையே தெரியாது. "கோட்டுக்குப் பின்னால நில்லுங்க!" என்று ஊரே பார்க்கக் கத்துவாள். அதோடு வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுப்பாள், அதற்கு இரண்டு பாயிண்ட்.

இந்த வருடம் ஜனவரி கடைசியில் வந்த புத்தாண்டுக்கு நாங்கள் சேர்ந்தே ஊருக்குப் போனோம். மாவட்ட பஸ் நிலையத்தில் இறங்கினால் சதுக்கத்தில் ரத்த தான வண்டி ஒன்று நிற்கிறது. நர்ஸ் எங்கள் ஊர்ப் பேச்சில், "அக்கா, ஊர் திரும்பிருக்கீங்க, ஊருக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க" என்றாள். சொந்தப் பேச்சைக் கேட்டதும் யென்மெய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, இங்கயே குடுத்துட்டா திரும்பிப் போய் லீவு போட வேண்டாம்ல?"

"போய்க் குடுத்துட்டு வா. புளிப்பு மீன் சூப் சொல்லி வைக்கிறேன்." அப்படிச் சொன்ன மடையன் நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஏப்ரலில் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனாள். மதியம் என் கடை வாசலில் வந்து நின்றாள், நூடுல்ஸ் கேட்கவில்லை.

"என்னாச்சு?"

"இந்த நகரத்துல குடுத்த ரத்தம் மட்டும்தான் கணக்காம்."

"யாரு சொன்னா?"

"கவுன்டர்ல இருந்த பொண்ணு. பாவம், அதுக்கு இருபத்தி மூணு வயசுதான் இருக்கும். 'அக்கா, இது வெளியூர் ரத்தம்'னு சொல்லுச்சு. ரத்தத்துலயும் வெளியூர் இருக்காண்ணே?"

"சரி, நாளைக்கே போய் இங்க குடு."

"ஆறு மாசம் ஆகணும். ஜூலை கடைசிலதான் எடுப்பாங்க. மே கடைசியோட விண்ணப்பம் மூடிருவாங்க." அவள் வலது கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "எழுபத்தொன்பது இருக்கு. போன வருஷம் எண்பதுல நிறுத்துனாங்க. என் கையால நானே..."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. என் மனைவி ஜின்ஃபெங் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதே மாதத்தில்தான் அமெரிக்காவோடு நடந்த இறக்குமதி வரிச் சண்டை உச்சத்துக்குப் போனது. கடை டிவியில் காலையில் ஒரு எண், மாலையில் அதைவிடப் பெரிய எண். அவர்கள் ஏற்றினால் நாங்கள் ஏற்றினோம். சாப்பாடு கொண்டுபோகும் அக்வெய் பயல் மேசையைக் குத்தினான். "விடக் கூடாது மாமா! இந்தத் தடவை அமெரிக்காக்காரனுக்குப் பாடம் கத்துக் குடுக்கணும்!"

"மொதல்ல அந்த நூடுல்ஸ விடாம தின்னு. ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்கிட்ட வராத."

"உங்களுக்கு நாட்டுப் பற்றே இல்ல மாமா."

"இருக்குடா. அதனாலதான் எதிர்ல உள்ள கேட்ல எத்தன லாரி போகுதுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கேன். நேத்து பதினொண்ணு, இன்னிக்கு ரெண்டு."

எதிர்த் தொழிற்சாலையில் முடி உலர்த்தும் கருவி செய்கிறார்கள். முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. கட்டி அடுக்கிய பெட்டிகள் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றுவிட்டன. ஒரு வாரத்தில் கூடுதல் நேர வேலை நின்றது. பிறகு மேலாளர் ஹூ யென்மெய்யைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, என் கடையில் மிளகாய் இன்னும் போடு என்று கேட்கும் ஒரே உள்ளூர் குவாங்டோங்காரர். வடக்கு வியட்நாமில் மூன்று வரிசை இயந்திரங்கள் போடுகிறார்கள். அங்கே உள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், ஒரு வருடத்துக்கு.

அவள் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவர் நேராகக் கடைக்கே வந்தார். அவள் வாசலில் கிண்ணத்தோடு நிற்க, இவரும் பக்கத்தில் போய் நின்றார்.

"யென்மெய், உனக்கு எத்தன பாயிண்ட் குறையுது?"

அவள் உறிஞ்சுவதை நிறுத்தினாள். "உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"மே தினத்துக்கு டவுன் நிர்வாகம் நம்ம ஆலைல ஒருத்தருக்குச் சிறந்த தொழிலாளி சான்றிதழ் தரும். பேரு நாங்கதான் குடுக்கணும். அதுக்கு மூணு பாயிண்ட். உன் காப்பீட்டையும் இங்கயே அறுக்காம ஓட்டுறேன். நீ அங்க போ."

"எம்பொண்ணு என்னோட இருக்கணும்னுதான் சார் பாயிண்ட்டு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குறீங்க?"

"எனக்கும் மேல இருக்கவங்க கேக்குறாங்கம்மா," என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் அந்த இடியெல்லாம் கடைசியில் யார் முதுகில் போய் விழுந்தது?

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் யாச்சினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என் மனைவியிடம்தான் பேசினாள், என் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணி, இவ கிராமத்துக்குப் போனா ஆறு வருஷம் பிரிஞ்சிருக்கணும். இங்க இருந்தா ஒரு வருஷம். ஒரு வருஷம்னா பரவால்லதான? சொல்லுங்க அண்ணி."

"மாடில ஒரு ரூம் சும்மாதாண்டி இருக்கு," என்றாள் ஜின்ஃபெங். சொல்லிவிட்டு மாவைப் போட்டு அடிக்க ஆரம்பித்தாள், மாவுக்குக் கை இருந்தால் திருப்பி அடித்திருக்கும்.

யாச்சின் அழவில்லை. "அங்க எத்தன மணிக்கு வேல முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

மே நடுவில் யென்மெய் போனாள். போன இடத்திலும் அவளுக்கு உட்கார நேரமில்லை. மதிய இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவாள், பின்னால் வெள்ளைத் தகரக் கூரை தெரியும். "அதே மெஷின்தாண்ணே, அதே திருகாணி. மோட்டார் நம்ம ஊர்லேருந்து வருது. பெட்டில மட்டும் வேற நாட்டுப் பேரு. இந்தப் புள்ளைங்க ஏழே நாள்ல கத்துக்குதுங்க. இவங்க கத்துக்கிட்டா நம்ம வரிசைக்கு இனி வேல எங்க? நானே நம்ம தெரு கதவச் சாத்துற மாதிரி இருக்கு."

ஜூலையில் பட்டியல் வந்தது. எண்பத்தொன்றில் நிறுத்தியிருந்தார்கள். யாச்சின் பெயர் எண்பத்திரண்டோடு இருந்தது. நான் தெருவிலேயே கத்திக்கொண்டு ஓடினேன், அக்வெய் பட்டாசு வைத்தான். யென்மெய்க்குக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுபடியும் கத்தினேன்.

"கேக்குதா? கெடச்சிருச்சு!"

"எண்பத்தொண்ணாண்ணே?" என்றாள். "எழுபத்தொன்பதும் ரெண்டும் எண்பத்தொண்ணு."

அந்த ரத்தத்தை இங்கே கொடுத்திருந்தால் சான்றிதழே வேண்டியிருந்திருக்காது, அவள் எங்கேயும் போயிருக்க வேண்டாம். என் மீன் சூப் ஒன்று அவளை நாடு கடத்திவிட்டது. "உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே" என்று அவள் சொன்னாள். சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். இந்தக் கூட்டங்களில் ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையின் நாற்காலியில் உட்கார வேண்டும். பிள்ளைகள் அன்று வகுப்புக்குள் இருக்க மாட்டார்கள், பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். புது நாற்காலி. என் உடம்புக்குச் சின்னதுதான், முழங்கால் மேசையில் இடித்தது. யென்மெய் பன்னிரண்டு வருடம் ஓடிச் சம்பாதித்த நாற்காலியில் அவளைத் தவிர எவன் வேண்டுமானாலும் உட்காரலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுற்றியிருந்தவர்கள் கடிதத்தைப் பிரித்துச் சிரித்தார்கள், சில தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள்.

என் கைப்பேசி அதிர்ந்தது. யென்மெய். "கடிதம் வச்சிருக்காளாண்ணே? போட்டோ எடுத்து அனுப்புங்க. பத்து நிமிஷம்தான் இடைவேள."

கடிதத்தைப் பிரித்தேன். மேலே 'அம்மாவுக்கு' என்று இருக்கும் என்று நினைத்தேன். 'பன் மாமாவுக்கு' என்று இருந்தது.

"மாமா, நீங்கதான் உக்காருவீங்கன்னு தெரியும். கணக்குல நான் வகுப்புல நாலாவது. ஸ்கூல் விட்டு வந்ததும் மாடிப்படில அம்மா செருப்பு இருக்கான்னு தினமும் பாக்கறேன். இருக்காதுன்னு தெரியும், ஆனாலும் பாக்கறேன். போன வாரம் அம்மா போன்ல பேசும்போது எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. 'வேற என்ன'ன்னு மூணு தடவ கேட்டாங்க. வெளியாள்கிட்டப் பேசற மாதிரி இருந்துச்சு. இத அம்மாவுக்கு அனுப்பாதீங்க. ஓடி வந்துருவாங்க."

மறுபடி அதிர்ந்தது. "என்னண்ணே எழுதியிருக்கா? எட்டு நிமிஷம்தான் இருக்கு."

இந்தத் தெருவிலேயே ரகசியம் தங்காத வாய் எனக்குத்தான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். குரல் பதிவு பொத்தானை அழுத்தி, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். "கணக்குல நாலாவதாம்! உன் பொண்ணு பெரிய ஆளுடி! போட்டோவா? என் போன்ல அந்த எழவு கேமரா வேல செய்ய மாட்டேங்குது."