செவிட்டில் எத்தனை வகை

சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டியபடி எவாரிஸ்தா கேட்கிறாள், "இங்கயா?" பிறகு காதுமடலைப் பிடித்து இழுத்து, "இல்ல, இங்கயா?" எதிரே இருப்பவர் தன் காதைத் தொட்டுக் காட்டும்வரை விடமாட்டாள். தலைநகர் லீமாவிலிருந்து வரும் காது டாக்டரின் ஸ்பானியத்தில் வெளிக்காதுக்கு ஒரு சொல், உள்காதுக்கு ஒரு சொல். எங்கள் மலைமொழி கெச்சுவாவில் இரண்டும் 'ரின்ரி'தான். மொழிபெயர்க்க வந்தவள் விரலால் வேலை செய்கிறாளே என்று டாக்டர் முதல் வருடம் முறைத்தார். மடலில் புண் இருந்தவருக்கு உள்ளே சொட்டு மருந்து விட்ட பிறகு முறைப்பதை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் நான் பெயர் பதிகிறவன். காது டாக்டர் வருடத்துக்கு ஒரு நாள், உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் வருவார். மற்ற நாளெல்லாம் எவாரிஸ்தா சந்தையில் சூப் விற்பாள். அன்று மட்டும் நல்ல தொப்பி, புதுப் பாவாடை, கக்கத்தில் ஒரு நோட்டு. காதைப் பற்றி ஊரார் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது: மந்தம், அடைப்பு, இரைச்சல், வண்டு குடைகிற மாதிரி. டாக்டரின் படிவத்திலோ 'செவிடு' என்று ஒரே ஒரு கட்டம். அவளுக்கு அது பொறுக்காது.

"காத்தடிச்சா மட்டும் செவிடு, ஸ்பானியத்துக்கு மட்டும் செவிடு, பொண்டாட்டிக்கு மட்டும் செவிடு. இதுல எதுன்னு எழுதுங்க டாக்டரய்யா."

மூன்றாவது வகைக்குத் தன் புருஷன் நசாரியோவைத்தான் உதாரணம் காட்டுவாள். போன மழைக்காலத்தில், முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தும் அவர் நடுரோட்டில் அசையாமல் நின்றார். அன்று ராத்திரியே அந்த வகையை நோட்டிலிருந்து அடித்துவிட்டாள்.

சோதனையில் தோற்றால்தான் காதுக் கருவி தருவார்கள். மனிதர் தோற்றால்தானே! எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மரியாதை என்றொரு வியாதி உண்டு. சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார் டாக்டர். அவர் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து இவர்கள் தூக்குவார்கள். அவ்வளவு தூரம் வந்தவர் மனசு நோகக் கூடாதாம். போன வருடச் சோதனையில் நசாரியோ இருபதுக்கு இருபது தூக்கினார். 'செவித்திறன் மிக நன்று' என்று சீட்டு. வெளியே வந்ததும் எவாரிஸ்தாவிடம், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மூன்று தடவை கேட்டார்.

இந்த வருடம் எவாரிஸ்தா டாக்டரையே நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். யாராவது கை தூக்கினால் அவளே சொல்வாளாம். அவரும் திரும்பினார், வேறு வழி? காதில் சோதனை ஹெட்போனை மாட்டிய நசாரியோ இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். கூட்டி வைத்த சத்தம் வெளியே எங்களுக்கே கேட்டது. அவள் புருவம் தன்னால் உயர்ந்தது. அவர் கையும் உயர்ந்தது.

"என் மூஞ்சியப் பாக்காதய்யா" என்றாள். அவர் பணிவாகச் சிரித்துத் தலையாட்டினார். மறுபடி சத்தம், புருவம், கை.

எழுந்து என் மேசைக்கு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். டாக்டர் சத்தத்தை இன்னும் கூட்டினார். பீப்.

"தூக்குறாரா?"

நசாரியோவின் கைகள் மடியிலிருந்த தொப்பிமேல் கிடந்தன. இல்லை என்றேன். அவர் தோற்க வேண்டுமென்றுதான் அந்த லாரி நாளிலிருந்து காத்திருந்தாள். இப்போது அவளுக்கு அழுகை முட்டியது. மறுபடி பீப்.

என்னைப் பார்த்தபடியே எவாரிஸ்தா அவருக்குப் பதிலாகத் தன் வலக்கையை மெல்லத் தூக்கினாள்.