செய்து காட்டினார், நடித்துக் காட்டினார்

நீதிமன்றத்தில் எல்லாரும் அவளை அகராதி என்றுதான் சொன்னார்கள். ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்குவது அவள் வேலை. பெயர் வந்தது அதனால் மட்டுமல்ல. "கொஞ்சம் அகராதி பிடிச்சவ" என்று தலைமை எழுத்தர் முதல் மாதமே பரப்பிவிட்டார். ஒரு சொல் உறுத்தினால் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து அதையே கட்டிக்கொண்டு அழுவாள்.

அதற்கு முன் பதினோரு வருடம் சட்டமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்தாள். 'எனாக்ட்' என்ற வினைச்சொல் அங்கே தினமும் வரும். கண்ணை மூடிக்கொண்டு 'இயற்று' என்று போடுவாள். பாட்டுக்கும் சட்டத்துக்கும் தமிழில் அதே சொல் என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. அந்த ஆங்கிலச் சொல்லின் இன்னொரு முகத்தை நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் பார்த்தாள்.

குழாய் வேலை பார்ப்பவன் ஒருவன், வேலைக்குப் போன இடத்தில் வீட்டுச் சொந்தக்காரரை மாடிப்படியில் தள்ளிக் கொன்றதாக வழக்கு. காவலில் நாலாம் நாள் அவனை அதே வீட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு போலீஸ்காரரை அந்தச் சொந்தக்காரராக நிறுத்தி, நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். ஆய்வாளரின் அறிக்கையில் அதற்கு 'எனாக்ட்' என்றிருந்தது. அவள் 'நடித்துக் காட்டினார்' என்று எழுதினாள்.

தலைமை எழுத்தர் சிவப்பு மையால் சுழித்தார். "நடிச்சான்னா பொய்யின்னு ஆயிடும். செய்து காட்டினார்னு போடும்மா."

"சார், அப்படிப் போட்டா அவர்தான் செஞ்சார்ங்கிற மாதிரி ஆயிடுமே?"

"தீர்ப்பு சொல்ல ஜட்ஜ் இருக்காரு. வெளியூர் மாற்றல் லிஸ்ட் என் மேசையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

வீட்டில் அவள் கணவன் பக்கவாதத்தில் படுத்திருந்தான். அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'செய்து காட்டினார்' என்று மாற்றி எழுதினாள்.

எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்கு அறிக்கையை வாசித்துக் காட்டுவதும் அவள் பொறுப்புதான். நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாள். அந்த வரி வந்ததும் அவன் விலங்கு போட்ட கையைத் தூக்கினான்.

"அக்கா, நான் எதையும் செஞ்சு காட்டலக்கா. இங்க நில்லுன்னாங்க, நின்னேன். தள்ளுன்னாங்க, தள்ளினேன். மெதுவாத் தள்ளிட்டேன்னு மறுபடி மறுபடி தள்ளச் சொன்னாங்க."

"வக்கீல்கிட்ட சொல்லுப்பா" என்றாள். அரசு கொடுத்த வக்கீல் அன்று வரவே இல்லை. போலீஸ்காரர் அவசரப்படுத்தினார். அவன் அறிக்கையின் அடியில் கட்டைவிரல் ரேகையை வைத்தான்.

ஆயுள் தண்டனை. 'தாம் செய்து காட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. தீர்ப்பின் நகலை வாங்கி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவன் கொன்றானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது; கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அவன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரியும். அதைக் கேட்ட காது அவளுடையது. கணவனிடம் சொன்னாள். அவன் குழறிக் குழறி ஒரே வார்த்தைதான் சொன்னான்: "எழுதிடு."

மேல்நீதிமன்றத்துக்கு எழுதினாள். யார் மிரட்டியது என்பதைச் சொல்லிவிட்டு, 'ஆனால் மாற்றியது என் கை' என்றும் சேர்த்தாள். முதலில் வந்தது அவள்மேல் துறை விசாரணைதான். தலைமை எழுத்தர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். மாற்றல் உத்தரவு வந்தது. கணவனை வேனில் படுக்கவைத்து, இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன நீதிமன்றத்தின் நகல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அவனுடைய மேல்முறையீடு மூன்று வருடம் இழுத்தது. ஒரு சொல்லால் வழக்கின் போக்கு மாறாது என்று தள்ளுபடி செய்தார்கள். அதற்கு நாலு மாதம் முன்பே அவன் சிறையில் நுரையீரல் கெட்டுச் செத்திருந்தான். நீதிமன்றத்துக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

அவன் மனைவி விசாரித்துக்கொண்டு அவளைத் தேடி வந்தாள்.

"நீங்கதானேக்கா அதை எழுதினது?"

"ஆமாம்மா. நான்தான்."

"மாத்தாம விட்டிருந்தா வந்திருப்பாரா?"

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பொய்யாகிவிடும். "தெரியலம்மா" என்றாள்.

அந்தப் பெண் திட்டவில்லை. பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டாள். அகராதி, மேசை வேலையை அப்படியே போட்டுவிட்டு, கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தாள்.